பாட்டு, கோலம், அச்சு, வழிபாடு: நான்கையும் ஒரே வாழ்க்கைக்குள் கொண்டுவர ஒரு முழு வழிகாட்டி

மயிலாப்பூரில் எஸ். ராஜம் என்று ஒருவர் வாழ்ந்தார். 1919-ல் பிறந்து 2010-ல் காலமானவர். சின்ன வயதிலேயே, 1934-ல் வந்த 'சீதா கல்யாணம்' படத்தில் ராமராக நடித்துவிட்டார். பாபநாசம் சிவன், அம்பி தீட்சிதர், மதுரை மணி ஐயர் ஆகியோரிடம் பாட்டு கற்றார். சென்னை ஓவியக் கல்லூரியில் ஓவியம் படித்தார். சம்பளத்துக்கு அகில இந்திய வானொலி. சபாக்களிலும் பாட்டு டீச்சர் வீடுகளிலும் மாட்டியிருக்கும் சங்கீத மும்மூர்த்திகள் (தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி) படம் இருக்கிறதே, அது பெரும்பாலும் இவர் வரைந்ததாகவோ அதைப் பார்த்து வரைந்ததாகவோதான் இருக்கும். வீணை எஸ். பாலசந்தர் இவருடைய தம்பி.

இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் 'பன்முகத் திறமை' என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதைவிட அவர் வேலை செய்த முறைதான் முக்கியமாகப் படுகிறது. முத்துசுவாமி தீட்சிதரின் நவகிரக கிருதிகளைப் பாடினார், அதே கிரகங்களை வரையவும் செய்தார். ஏழு ஸ்வரங்களுக்கும் உருவம் கொடுத்தார். பாட்டுக்காகப் படித்தது படத்துக்கும் பயன்பட்டது, படத்துக்காகத் தேடியது பாட்டின் அர்த்தத்தைத் துலக்கியது. எல்லாவற்றுக்கும் அடியில் பக்தி இருந்தது.

நம்மில் பலர் செய்வது வேறு. சாயங்காலம் பாட்டு கிளாஸ், ஞாயிறு ஓவிய வகுப்பு, ராத்திரி கணினியில் டிசைன், வெள்ளிக்கிழமை கோயில் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் ஓடுகிறோம். சீக்கிரமே ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். கேட்டால் நேரமில்லை என்போம். நேரம் ஒரு காரணம்தான். ஒன்றில் போட்ட உழைப்பு இன்னொன்றுக்கு உதவாமல் போவதுதான் பெரிய காரணம். அதைச் சரிசெய்யும் வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். வேலைக்குப் போய்க்கொண்டு, தினம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது.

முதல் படி: ஒரு மூலநூலைப் பிடியுங்கள்

முதலில் பேனா, பிரஷ், ஸ்ருதிப் பெட்டி எதுவும் வாங்க வேண்டாம். உங்கள் வழிபாட்டில் ஏற்கெனவே இருக்கிற ஒரு நூலைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வருடத்துக்கு அதுதான் உங்கள் மூலநூல். பாடக்கூடியதாக இருக்க வேண்டும், கண்ணுக்கு முன் ஏதாவது காட்சி விரிய வேண்டும், சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரிந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் போதும்.

வைணவ வீடு என்றால் திருப்பாவை கைக்கு வந்துவிடும்: 30 பாசுரம், ஒவ்வொன்றும் 8 அடி. சைவ வீட்டில் திருவெம்பாவை 20, திருப்பள்ளியெழுச்சி 10, சேர்த்தால் அதுவும் 30. முருக பக்தருக்குத் திருப்புகழ் இருக்கிறது. ஆனால் அதன் சந்தம் புதிதாகப் பாட வருகிறவருக்குக் கடினம். கிறிஸ்தவர்களுக்குச் சங்கீதங்கள் இருக்கின்றன, தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் காலத்திலிருந்து வரும் தமிழ்க் கீர்த்தனைகளும் இருக்கின்றன. இஸ்லாமியர்களுக்கு உமறுப் புலவரின் சீறாப்புராணம் உண்டு, குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல்கள் உண்டு. உருவம் வரையும் வழக்கம் அங்கே இல்லையே என்று தயங்க வேண்டாம். காம்பஸும் அளவுகோலும் வைத்துக்கொண்டு நட்சத்திரக் கட்டங்களைப் போட ஆரம்பித்தால் அது ஒரு தனி உலகம்.

நம்பிக்கை அவ்வளவாக இல்லாதவர்கள் இதைப் படித்தால், வீட்டில் பாட்டி பாடிய தாலாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் மாமன், மான், மயில், ஆறு எல்லாம் இருக்கும்.

ஒரு வருடத்துக்கு நூலை மாற்றாதீர்கள். இந்த வழிகாட்டியில் இதைக் கடைப்பிடிப்பதுதான் ரொம்பக் கஷ்டம். தை மாதம் ஆரம்பித்தவருக்கு வைகாசியில் வேறொரு நூல் அழகாகத் தெரியத்தான் செய்யும்.

இரண்டாம் படி: பாட்டு

தினமும் 25 நிமிடம் போதும், காலையில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் 5 நிமிடம் ஸ்ருதியோடு 'ச' மட்டும். கட்டை என்பது பாடும் ஸ்ருதியின் உயரம். ஆண்களுக்குப் பொதுவாக 1 அல்லது 1½ கட்டை, பெண்களுக்கு 5 அல்லது 5½ கட்டை ஒத்துவரும். மேல் ஸ்தாயி பஞ்சமத்தில் (மேலே இருக்கும் 'ப') கத்த வேண்டியிருந்தால் கட்டையைக் குறைத்துக்கொள்ளுங்கள், அதில் அவமானம் ஒன்றுமில்லை. தம்பூரா செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. போன் ஸ்பீக்கரில் மந்தர ஒலி சரியாகக் கேட்காது, அதனால் ஹெட்போனையோ சின்ன ஸ்பீக்கரையோ பயன்படுத்துங்கள்.

அடுத்த 10 நிமிடம் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை (ஆரம்ப ஸ்வரப் பயிற்சி), மூன்று காலத்திலும் (வேகத்திலும்). மீதி 10 நிமிடம் உங்கள் மூலநூல். முதலில் ராகம் வேண்டாம், பதம் பிரித்து வாசியுங்கள். எங்கே மூச்சு விடலாம், எந்த இடத்தில் சொல் உடைகிறது என்பது வாசிக்கும்போதே தெரிந்துவிடும். அப்புறம் மெட்டு.

குரு வேண்டுமா? வேண்டும். இணையத்தைப் பார்த்துப் பாட்டைக் கற்றுக்கொள்ளலாம், ஆனால் உங்கள் ரிஷபம் ('ரி' ஸ்வரம்) இறங்கியிருக்கிறது என்று சொல்ல எதிரே ஒரு காது வேண்டும். வாரம் ஒரு நாள் என்றாலும் பரவாயில்லை. தெருவில் யாராவது பாட்டு டீச்சர் இருப்பார். கோயில் ஓதுவாரிடம் கேட்டால் பண்ணோடு தேவாரம் சொல்லித்தருவார். சர்ச்சில் பாடகர் குழு இருக்கும். குழுவில் நின்று பாடுவதில் ஒரு சௌகரியம், நாம் தப்பினாலும் பக்கத்துக் குரல் இழுத்துக்கொண்டுவந்து சேர்த்துவிடும்.

சனிக்கிழமை ஒரு பாட்டைப் போனில் பதிவு செய்யுங்கள், ஞாயிற்றுக்கிழமை கேளுங்கள். பாடின அன்றே கேட்டால் எல்லாமே நன்றாக இருப்பதுபோலத் தோன்றும்.

மூன்றாம் படி: கோலத்தில் ஆரம்பிக்கும் ஓவியம்

ஓவியம் என்றதும் கான்வாஸ், அக்ரிலிக் என்று கடைக்குப் போகிறார்கள். கோலமாவு டப்பா வீட்டிலேயே இருக்கிறது. கோடு இழுக்க, இடம் பிரிக்க, சமச்சீர் பார்க்க, நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்த, இவ்வளவும் கற்றுத்தரும் பள்ளிக்கூடம் நம் வாசலில்தான். ஆண்கள் கோலம் போடக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. வெட்கமாக இருந்தால் மொட்டைமாடியில் போடுங்கள்.

முதல் மாதம் புள்ளிகளைச் சுற்றிக் கோடு வளைத்துப் போடும் சிக்குக் கோலம் மட்டும். நேர்ப்புள்ளி 5 வரிசை, வரிசைக்கு 5. விதி எளிது: கோடு புள்ளியைத் தொடக் கூடாது, எல்லாப் புள்ளியும் ஏதாவது ஒரு வளைவுக்குள் அடங்க வேண்டும், தொடங்கிய இடத்துக்கே கோடு வந்து சேர வேண்டும். போட்டு முடித்ததும் விரலால் கோட்டைத் தொடர்ந்து பாருங்கள். முழுக் கோலமும் ஒரே கோடா, இரண்டு மூன்று கோடுகள் பின்னிக்கொண்டிருக்கின்றனவா? இந்தக் கேள்வி கணிதக்காரர்களையும் இழுத்திருக்கிறது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு இருந்தவர்களும் 1970-களில் கோலத்துக்கு இலக்கண விதிகள் எழுதிக் கணினி அறிவியலுக்குள் கொண்டுபோனார்கள். அந்த ஆய்வுக்கு மூலப்பொருள் நம் ஊர்ப் பெண்கள் தினமும் காலையில் குனிந்து போட்ட கோலங்கள்.

இரண்டாம் மாதம், ஒரு வரிசைப் புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி வரும் இடைப்புள்ளிக்கு மாறுங்கள். 9 புள்ளி வைத்து, இரு பக்கமும் 5 வரை குறைத்துக்கொண்டே போனால் மொத்தம் 61 புள்ளி. வெளிவடிவம் தானாக அறுகோணமாகிவிடும். பூ, சங்கு, வாத்து, விளக்கு எல்லாம் இதில் அழகாக உட்காரும். மூன்றாம் மாதம் மாக்கோலம். அரைத்த அரிசி மாவில் துணியை நனைத்து, மோதிர விரல் வழியாக வழியவிட்டு இழை இழுப்பது. உலர்ந்த மாவில் கோடு தடித்துவிட்டால் ஊதித் தள்ளிவிடலாம், ஈர மாவில் அந்த வசதி இல்லை. துணியை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுதான் கோட்டின் கனம். பின்னால் பிரஷ் பிடிக்கும்போது இந்த அழுத்தம் அப்படியே கைக்கு வரும்.

நான்காம் மாதத்திலிருந்து கோயிலுக்கு ஒரு சின்ன நோட்டும் 2பி பென்சிலும் எடுத்துப் போங்கள். மூலவர் பக்கம் வேண்டாம், அது வரைகிற இடம் இல்லை. வெளிப் பிராகாரத் தூணோடு நில்லுங்கள். கும்பகோணம் பக்கம் போனால் தாராசுரத்தில் ஒரு சிற்பம் உண்டு: ஒரு பக்கம் காளை, ஒரு பக்கம் யானை, இரண்டுக்கும் ஒரே தலை. ஒரு உடம்பைக் கையால் மறைத்தால் யானை, மற்றதை மறைத்தால் காளை. லோகோ செய்ய ஆசைப்படுகிறவர்கள் அதன் முன்னால் அரைமணி நேரம் உட்காரலாம். எட்டு நூற்றாண்டுக்கு முந்தைய கல்லில் இருக்கிற பாடம் அது.

நான்காம் படி: ஒரு பாட்டுப் புத்தகம் செய்யுங்கள்

வடிவமைப்பைக் கற்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. பஜனை கோஷ்டியிலோ ஜெபக் குழுவிலோ பாடுகிறவர்கள் கையில் இருக்கும் புத்தகத்தைப் பாருங்கள். ஜெராக்ஸின் ஜெராக்ஸ். எழுத்து எறும்பு போல. பாதிப் பாட்டு இந்தப் பக்கம், மீதி அடுத்த பக்கம், நடுவில் ஜால்ராவைக் கீழே வைத்துவிட்டுத் தாளைத் திருப்ப வேண்டும். எங்கள் கோஷ்டியில் ஒரு மாமா, "டிசைன் எல்லாம் எப்படி வேணா பண்ணிக்கோப்பா, எழுத்து மட்டும் பெரிசா இருக்கட்டும்" என்றார். வாடிக்கையாளர் தேவையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

திருப்பாவையையே எடுத்துக்கொள்வோம். 30 பாசுரம், பக்கத்துக்கு ஒன்று. தலைப்புப் பக்கம் ஒன்று, வாழித் திருநாமத்துக்கு ஒன்று. ஆக 32 பக்கம். ஏ4 தாளை நடுவில் மடித்தால் ஒரு தாளுக்கு 4 பக்கம், 8 தாளில் புத்தகம் முடிந்தது. அட்டை தனி. நடுவில் இரண்டு பின். பின் அடிக்கிற புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை எப்போதும் நான்கால் வகுபட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

எழுத்து 16 புள்ளிக்கு (கணினியில் 'பாயின்ட்' என்கிற அளவு) குறையக் கூடாது. வரிக்கும் வரிக்கும் இடையே 24 புள்ளியாவது விடுங்கள். ஆங்கிலத்துக்கு விடும் இடைவெளி தமிழுக்குப் பத்தாது: மேலே 'கி', 'கீ' விசிறி, கீழே 'கு', 'கூ' சுழி, இரண்டும் முட்டிக்கொள்ளும். நோட்டோ செரிஃப் தமிழ், முக்தா மலர், மீரா இனிமை, கேட்டமரன், பவனம் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும் யூனிகோடு எழுத்துருக்கள், அச்சுக்கும் பயன்படுத்தலாம். அலங்கார எழுத்துருவைத் தலைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி எல்லாரும் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம். இன்டிசைனிலோ போட்டோஷாப்பிலோ தமிழை ஒட்டினால் 'கொ' உடைந்து, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் நிற்கும். எழுத்துரு கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொன்றைத் தேடாதீர்கள். இன்டிசைனில் பத்தி அமைப்பில் 'வேர்ல்டு-ரெடி கம்போசர்' என்று ஒன்று உண்டு, அதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். பழைய போட்டோஷாப் பதிப்புகளில் எழுத்து அமைப்புகளுக்குள் 'வேர்ல்டு-ரெடி லேஅவுட்' என்று இருக்கும். காசு செலவழிக்க வேண்டாம் என்றால் கோலத்துக்கும் படத்துக்கும் இங்க்ஸ்கேப், கையால் வரைய கிரிட்டா, புத்தகத்துக்கு ஸ்கிரைபஸ். மூன்றும் இலவசம், மூன்றிலும் தமிழ் வரும். பழைய அச்சகம் சிலதில் 'பாமினியில கொடுங்க சார்' என்று யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவைக் கேட்பார்கள். பிடிஎஃப் கொடுங்கள், எழுத்துருவை உள்ளே பொதித்துவிடுங்கள், வாக்குவாதம் மிச்சம்.

பதம் பிரிப்பதில் கவனம் தேவை. பாராயணம் செய்கிறவர்களுக்குச் சந்தி பிரிக்காத பாடம்தான் பழக்கம், சிறுபிள்ளைகளுக்குப் பிரித்தால்தான் வாயில் வரும். யாருக்கான புத்தகம் என்று முடிவு செய்துகொண்டு ஒன்றைப் பின்பற்றுங்கள். அச்சுக்கு அனுப்பும் முன் நன்றாகப் பாடத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துச் சத்தமாகப் பாடச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தப்பிய பிழை வாய்க்குத் தப்பாது.

ஐந்தாம் படி: ஒரே பாட்டுக்கு ஒரு மாதம்

இப்போது நான்கையும் ஒன்றாகக் கட்டுவோம். மாதத்துக்கு ஒரே ஒரு பாட்டு. உதாரணத்துக்குத் திருப்பாவையின் மூன்றாம் பாசுரம், 'ஓங்கி உலகளந்த'.

முதல் வாரம் பாட்டு. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் திருப்பாவை முப்பதுக்கும் மெட்டமைத்தபோது முதல் ஐந்து பாசுரத்துக்கும் கன ராகங்களை வரிசையாக வைத்தார்: நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. மூன்றாவதுக்கு ஆரபி. ஏறும்போது காந்தாரமும் ('க') நிஷாதமும் ('நி') கிடையாது, இறங்கும்போது இரண்டும் தொட்டும் தொடாமலும் வரும். துள்ளுகிற ராகம். மழை, பயிர், பால் என்று ஊரே செழிக்கிற பாசுரத்துக்கு ஆரபி எவ்வளவு பொருத்தம் என்று நாலு நாள் பாடினாலே தெரிந்துவிடும்.

இரண்டாம் வாரம் படம். பாசுரத்துக்குள் என்னென்ன கண்ணுக்குத் தெரிகிறது என்று பட்டியல் போடுங்கள். உயர்ந்து வளர்ந்த செந்நெல். அதன் ஊடே துள்ளும் கயல். குவளைப் பூவுக்குள் தூங்கும் புள்ளி வண்டு. குடம் குடமாகப் பால் நிறைக்கும் பசுக்கள். இவ்வளவுக்கும் மேலே உலகை அளந்த ஒரு கால். இதில் ஒன்றை மட்டும் எடுங்கள். நானாக இருந்தால் வண்டைத்தான் எடுப்பேன். பெருமாள் வானம் வரை ஓங்கி நிற்கிற அதே பாட்டில், ஒரு பூவுக்குள் ஒரு பூச்சி தூங்குகிறது. பெரியதும் சிறியதும் எட்டு அடிக்குள். குவளை மலரைத் தேடிப் போய்ப் பாருங்கள். இணையப் படத்தைப் பார்த்து வரைந்தால் இணையப் படம்தான் வரும். குளத்தில் நீலக் குவளை கிடைக்காவிட்டால் ஏதாவது அல்லியாவது இருக்கும். இதழ் எந்த நேரத்துக்குக் கூம்புகிறது, உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம்தான் வண்டு அதற்குள் எப்படிப் படுத்திருக்கும் என்று கை சொல்லும்.

மூன்றாம் வாரம் வடிவமைப்பு. வரைந்த குவளையைக் கோலக் கட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். 61 புள்ளிக் கட்டத்தில் நடுவே ஒரு பூ, சுற்றி ஆறு பூ, ஒன்றில் மட்டும் வண்டு. நேர் மேலிருந்து போட்டோ எடுத்து, இங்க்ஸ்கேப்பில் கோடாக மாற்றி, இரண்டே நிறத்தில் ஒரு வாழ்த்து அட்டை செய்யுங்கள். காவியும் வெள்ளையும் போதும். நிறம் குறைந்தால் அச்சுச் செலவும் குறையும்.

நான்காம் வாரம் கொடுப்பது. பாட்டைக் கோயிலில் பாடுங்கள், அட்டையை நாலு பேருக்குக் கொடுங்கள். அவ்வளவுதான். வருடத்துக்கு 12 பாட்டு என்றால் 12 படம், 12 அட்டை. காலண்டர் தானாக வந்துவிட்டது.

மற்ற மூலநூல்களுக்கும் இதே முறைதான். 'கர்த்தர் என் மேய்ப்பர்' என்கிற 23-ம் சங்கீதத்தில் புல்வெளி, தண்ணீர், கோல், பள்ளத்தாக்கு, நிரம்பி வழிகிற பாத்திரம் எல்லாம் இருக்கிறது. ஐரோப்பியப் படத்து ஆட்டுக்குட்டியை விட்டுவிட்டுக் கீதாரிகள் ஓட்டிப் போகும் நம் ராமநாதபுரத்துச் செம்மறி மந்தையை வரைந்து பாருங்கள்.

ஆறாம் படி: வழிபாட்டு இடத்தில் நடந்துகொள்ளும் முறை

கலைஞர்கள் இங்கே சறுக்குவது அதிகம். 'நான் கலை செய்ய வந்திருக்கிறேன்' என்று நுழைந்தால் யாருக்கும் பிடிக்காது. முதல் ஆறு மாதம் ஜமக்காளம் விரிக்க, பாத்திரம் கழுவ, மைக் கட்ட நில்லுங்கள். நோட்டீஸ் அடிக்க ஆள் வேண்டும் என்று அவர்களே கேட்பார்கள். நவராத்திரி ஒரு நல்ல வாய்ப்பு. கொலு பார்க்கப் போகிற வீட்டில் 'ஒரு பாட்டு பாடேன்' என்று சொல்லாதவர்கள் குறைவு, பத்துப் பேர் முன்னால் பாடிப் பழகச் சுண்டலோடு கிடைக்கும் மேடை. கிறிஸ்தவர்களுக்கு டிசம்பரில் வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸ் அதே மாதிரி.

சாமி படத்தை எதில் அச்சடிக்கிறோம் என்பதையும் பாருங்கள். பேப்பர் தட்டு, டிஷ்யூ, காலடியில் விழும் நோட்டீஸ் வேண்டாம். ஒரு நாள் நிகழ்ச்சிக்கான துண்டறிக்கையில் கோலமும் விளக்கும் போதும், சந்நிதி படம் எதற்கு? வேதவசனம், குர்ஆன் வசனத்துக்கும் இதே மரியாதை. இன்னொரு மதத்தைக் குத்துகிற போஸ்டர் செய்யச் சொல்லி வந்தால், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், முடியாது என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் சொல்வது கஷ்டம்.

ஏழாம் படி: பணம்

'சேவைதானே' என்று சொல்லி வேலை வாங்குவது நம் ஊரில் சகஜம். அதனால் வருடத் தொடக்கத்திலேயே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் சொந்த வழிபாட்டு இடத்துக்குச் செய்வது கைங்கரியம், அதற்குக் காசு கேட்காதீர்கள். மற்ற இடத்துக் கும்பாபிஷேகப் பத்திரிகை, ஆண்டு விழா மலர், பக்திப் பாடல் அட்டை எல்லாம் தொழில், முன்பணம் வாங்கிக்கொண்டு ஆரம்பியுங்கள். அச்சகக்காரருக்கும் பந்தல்காரருக்கும் கூசாமல் கொடுக்கிறவர்கள் உங்களுக்கும் கொடுப்பார்கள், கேட்க வேண்டும்.

சோறு போடும் வேலையும் கலையும் வேறு வேறாக இருப்பதில் குறைவு ஒன்றுமில்லை. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கிராமத்தை உருவாக்கினார்கள். பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசுதான் அதற்கு அடிப்படை. கைவினை வயிற்றைப் பார்த்துக்கொண்டது, ஓவியத்தில் யாருக்கும் வளைந்து கொடுக்க வேண்டியிருக்கவில்லை. கோவில்பட்டி கொண்டையராஜுவைப் பாருங்கள். நாடகக் கம்பெனிக்குப் படுதா எழுதினார், போட்டோ ஸ்டூடியோ நடத்தினார், அங்கிருந்து அவர் வரைந்த சாமி படங்கள் சிவகாசி காலண்டர்கள் வழியாக வீட்டுக்கு வீடு பூஜை அறைக்குப் போயின. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் இன்னும் ஒரு படி மேல். தொழில் சித்த மருத்துவம், வழிபாடு தேவாலயத்தில். 1912 முதல் சொந்தச் செலவில் சங்கீத மாநாடுகள் கூட்டினார். 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது, ஆயிரம் பக்கத்துக்கு மேல். மருந்து விற்ற காசில் இசை ஆராய்ச்சி.

மருத்துவம் பார்த்தவர் ஏன் இசைக்குப் போனார் என்று அவரை யாராவது கேட்டிருப்பார்கள். உங்களையும் கேட்பார்கள்.

எட்டாம் படி: உரிமை

இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். இந்தியச் சட்டத்தில் படைத்தவர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. ஆண்டாள் பாசுரத்துக்கு யாரிடமும் கேட்க வேண்டாம். ஆனால் மெட்டு வேறு கணக்கு. அரியக்குடி 1967-ல் காலமானவர், அவர் மெட்டுக்கு 2027 முடியும் வரை அந்தக் கணக்கு ஓடுகிறது. கோயிலில் வழிபாட்டின் பகுதியாகப் பாடினால் சட்டம் தடுப்பதில்லை. அதையே பதிவு செய்து யூடியூபில் போட்டு வருமானம் பார்ப்பது வேறு விஷயம், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அடுத்தவர் ஒலிப்பதிவை அப்படியே எடுத்துப் பின்னணியில் ஓட விடாதீர்கள்.

படத்துக்கும் அப்படித்தான். ரவி வர்மா 1906-ல் மறைந்தார், அவர் ஓவியங்களைத் தாராளமாக எடுத்தாளலாம். கொண்டையராஜு மறைந்தது 1976-ல், இன்னும் காலம் இருக்கிறது. கூகுளில் கிடைக்கும் சாமி படம் யாரோ ஒருவர் ராத்திரி கண்விழித்து வரைந்தது.

ஒன்பதாம் படி: வருடத்தை அடுக்கிக்கொள்வது

தமிழ் மாதங்களை வைத்துச் சொல்கிறேன். தையில் மூலநூலைத் தொடங்குங்கள். பங்குனி, சித்திரையில் ஊரெல்லாம் திருவிழா, வரையும் நோட்டு நிரம்புகிற காலம்: தேர், குடை, நாகசுரக்காரரின் கன்னம். வைகாசி, ஆனி வெயிலில் வீட்டுக்குள் உட்கார்ந்து எழுத்து வேலை. சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பங்கள் ஆடிப்பெருக்கு சமயத்தில் வெளியாகும். உங்கள் படம் அதில் இடம்பெற வேண்டுமானால் சித்திரைக்குள் கொண்டுபோய்க் காட்டியாக வேண்டும், ஆடியில் போய் நின்றால் அடுத்த வருடம்தான். புரட்டாசியில் கொலு மேடை. மார்கழிக்கான பாட்டுப் புத்தகத்தை ஐப்பசியிலேயே அச்சுக்குக் கொடுங்கள். கார்த்திகையில் அச்சகங்கள் காலண்டரிலும் டைரியிலும் மூழ்கியிருக்கும், உங்கள் நூறு பிரதியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

இஸ்லாமிய நண்பர்கள் ஹிஜ்ரி மாதத்தை வைத்துத் திட்டமிடுங்கள். அது ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகரும், போன வருடத் தேதியை நம்பி அச்சகத்தில் நாள் குறித்தால் ரமலானுக்கு முன்னால் புத்தகம் வராது. கிறிஸ்தவர்களுக்கு லெந்து (தவக்கால) நாட்கள் வரைவதற்கும் எழுதுவதற்கும் ஏற்றவை, கேரல் புத்தகம் அக்டோபருக்குள் முடிந்திருக்க வேண்டும்.

நடுவில் ஒரு மாதம் ஒன்றுமே ஓடாமல் போகும். அந்த மாதம் பாட்டு, படம் இரண்டையும் விட்டுவிட்டுப் பழைய கோப்புகளை ஒழுங்குபடுத்துங்கள். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால் பாட்டின் முதல் வரி, மாதம், வருடம் எழுதுங்கள். பதிவுகளுக்கு 'ஆடியோ 47' என்று பெயர் விடாமல் பாட்டின் பெயரும் கட்டையும் போடுங்கள். கணினிக் கோப்புகளை வெளி வன்தட்டு ஒன்றிலும் இணையத்தில் ஓரிடத்திலும் வையுங்கள். அச்சான புத்தகத்தில் ஐந்து பிரதியைத் தொடாமல் எடுத்து வைத்துவிடுங்கள், அடுத்த மார்கழிக்கு யாராவது வந்து 'போன வருஷப் புக் ஒண்ணு இருக்கா?' என்று கேட்பார்கள்.